நோர்வின் இருந்த இடத்திலிருந்து அரைத் தெரு கீழே

மனாகுவா
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு

என் அன்பு மகன் நோர்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கன்னி மாதா புண்ணியத்தில் என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதம் என்றால் அதை நடுவில் வைத்துவிட்டுப் போக உனக்கு மனசு வராது, அந்த அளவுக்காவது உன்னை வளர்த்திருக்கிறேன். பதினைந்தாம் பிறந்தநாள் கவுன்கள் தைக்க நிறைய வந்திருக்கின்றன. எல்லாப் பெண்களுக்கும் இந்த வருஷம் ஊதா நிறம்தான் வேண்டுமாம், என் கண்ணே ஊதாவாகிவிட்டது. அது கிடக்கட்டும், உன் பெயரால் நம் தெருவில் நடந்துகொண்டிருக்கும் கூத்தைக் கேள்.

பல்கலைக்கழகத்திலிருந்து யஹோஸ்கா என்று ஒரு பெண் வந்தாள். மனிதர்கள் மூளைக்குள் வழியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி, அதைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். நல்ல பெண், என்ன, சாப்பாட்டில் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரம் வைக்கிறாள். செப்பிட்டாவின் மளிகைக் கடையில், பாலாடைக்கட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். வழி சொல்கிறவர்களின் பேச்சையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும், பேசினால் ஒரு குளிர்பானம் இலவசம். அப்புறம் என்ன, வழி தெரிந்தவன், தெரியாதவன், வீட்டை விட்டே வெளியே போகாதவன் எல்லாம் வரிசையில் நின்று பேசினான். நம் வீட்டுக்கு நான் எப்போதும் சொல்வதுபோல, சினிமா கொட்டகை இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு, அப்புறம் சூரியன் உதிக்கும் பக்கம் மேலே அரைத் தெரு என்றேன். யஹோஸ்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க கொட்டகையே இல்லையே அம்மா, டயர் கடைதான இருக்கு, டயர் கடைன்னே சொல்லலாமே" என்றாள். மெக்கானிக் ஃபனோர் விழுந்து விழுந்து சிரித்தான். "டயர் கடை நாளைக்கே மூடிட்டுப் போயிடும் தங்கச்சி. கொட்டகை நிலநடுக்கத்துல விழுந்தாச்சு, இனிமே அது எங்க போவும்?" என்று கேட்டான். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பெட்டியும் கேட்டுக்கொண்டது, வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பெட்டி அதையே சட்டமாக எடுத்துக்கொண்டது. எது போய்விட்டதோ, எதைப் பற்றி ஊரில் அதிகம் பேசுகிறார்களோ, அதுதான் அசையாத அடையாளம் என்று தானாகவே முடிவுகட்டி, செல்போனில் வழி கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தது. போன மாதம் அளவு கொடுக்க வந்த ஒரு கவுன்காரி என் வாசலில் நின்று, "நோர்வின் இருந்த இடம் இதானேம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிக்கு உன் பெயரை யார் சொன்னார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் செப்பிட்டா கடைக்குப் போவதே காலையில் பாலாடைக்கட்டிக்கு, அப்புறம் முட்டைக்கு, மத்தியானம் மறந்துபோன உப்புக்கு, சாயங்காலம் சும்மா காற்றாட. போன இடத்தில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை, மிஞ்சிப்போனால் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

இப்போது நம் பேட்டையே உன்னை வைத்துத்தான் நடக்கிறது. மின்சார பில் நோர்வின் இருந்த இடத்திலிருந்து மூன்று வீடு மேலே போகிறது. பாதிரியார் பீடத்தில் நின்று, ஊர்வலம் நோர்வின் இருந்த இடத்திலிருந்து புறப்படும் என்று அறிவிக்கிறார், உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த மனிதர்! ஃபனோர் தன் பட்டறைப் பலகையில், நோர்வின் இருந்த இடத்திலிருந்து அரைத் தெரு கீழே என்று சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டான். செப்பிட்டாவுக்கோ பொறாமை. "நீ குடுத்து வச்சவ நூபியா. எம் புள்ள நாள் பூரா ஊஞ்சல் நாற்காலியில கெடக்கான், அவன வச்சு ஒருத்தனாவது வழி சொல்றானா?" என்று அங்கலாய்க்கிறாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கல்லறைத் திருநாளன்று யாரோ நம் கேட்டில் சாமந்தி மாலை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் கேஸ்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ரொம்ப சின்ன வயசாம்மா அவருக்கு?" என்று கேட்டான். சிலிண்டரை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு விறகில்தான் சமையல், புகையில்தான் அழுதேன் என்று செப்பிட்டாவிடம் சொன்னேன். உன்னிடம் எதற்குப் பொய், புகையில் இல்லை.

யஹோஸ்காவைப் பிடித்து, என் மகன் பெயரை எடு என்றேன். எடுக்க முடியாதாம், யார் அதற்குள் என்ன வைத்தார்கள் என்று செய்தவர்களுக்கே தெரியாதாம். ஒரே வழிதான் இருக்கிறதாம். "அவர் வந்து இங்க நடமாடினா போதும் அம்மா. நாலு பேரு அவர்கிட்ட பேசுறத பெட்டி கேட்டாலே, அவரு போகலன்னு அதுவே புரிஞ்சுக்கும், அடையாளத்த விட்டுடும்" என்றாள். செய்தி பரவியதுதான் தாமதம், தெருவே கூட்டம் போட்டுவிட்டது. நீ வந்தால் மருந்து வராதாம், தண்ணீர் லாரி வராதாம், ஊர்வலம் திசை தப்பிவிடுமாம். ஃபனோர் எழுந்து, "தம்பி வரட்டும், வேணாங்கல. மசாயா ஊர்ல சித்தி வீட்டுல தங்கிட்டு அப்படியே திரும்பிடட்டும். என் பலகை இன்னும் காயக்கூட இல்ல" என்றான். பெற்ற பிள்ளையை வீட்டுக்கு வராதே என்று சொல்ல ஓட்டெடுப்பு நடத்தினார்கள் மகனே. எதிர்த்துக் கை தூக்கியது நானும் கவுன்காரியின் பாட்டியும்தான், அந்த அம்மாளுக்குக் காது கேட்காது.

நீ பூமிக்கடியில் அவ்வளவு பெரிய வளையத்தில் துகள்களை மோதவிடுகிறாய். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று ஓடிப்போனதை, மோதலுக்கு அப்புறம் எது குறைகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னாய். அன்றைக்கு உம் கொட்டினேனே தவிர, இப்போதுதான் நன்றாகப் புரிகிறது. மேசையில் ஒரு தட்டு குறைகிறது, அதனால் நீ எங்கேயோ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. உனக்கு அது போதுமாயிருக்கலாம், எனக்குப் போதவில்லை. கணக்கெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவுதான் பார்க்கிறது என்றாயே, அதனிடம் விட்டுவிட்டு டிசம்பரில் கன்னி மாதா திருவிழாவுக்கு வா. காலையில் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நில், அப்புறம் செப்பிட்டா கடைக்குப் போய்ப் பெட்டி கேட்க நாலு வார்த்தை பேசு. கேஸ்காரன், மின்சாரக்காரன், பாதிரியார் எல்லோரும் வழி தெரியாமல் அலையட்டும், நான் காபியை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். மக்காச்சோள மாவை வாழையிலையில் கட்டி வேகவைத்துத் தமால் பண்ணி வைப்பேன், உனக்குப் பிடித்த மாதிரி கொழுப்பு அதிகம் போட்டு.

மாதா உன்னையும் உன் துகள்களையும் காப்பாற்றட்டும். காலுறையை இரண்டு ஜோடியாகப் போடு, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, டிக்கெட்டை இன்றே எடு, நாளைக்கு என்று தள்ளாதே. உறைக்குப் பின்னால் அனுப்புநர் விலாசம் கட்டாயமாம். கொட்டகை இருந்த இடம் என்று எழுதினால் தபால் நிலையத்துப் பெண்ணுக்குத் தெரியவில்லை, தெருவே சொல்லும் அந்த இன்னொரு விலாசத்தை உறைமேல் என் கையால் எழுத மாட்டேன். அதனால் நோர்வின் வரப்போகிற இடம் என்று எழுதுகிறேன். "இந்த ஊர்ல அப்படி ஒரு விலாசம் கிடையாதும்மா" என்று நேற்று விசாரித்தபோதே சொல்லிவிட்டாள். இருக்கட்டும், அதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
நூபியா