சொந்த வேர் இல்லாத கபுட்டோ

மாப்ள,

விரலில் ஸ்பிரிட் வாசம். கத்தரிக்கோலை இப்போதுதான் பஞ்சில் துடைத்து வைத்தேன். எக்ஸ்ரே அறையில் வேலை முடிந்து வரும்போது உன் சட்டைப் பையில் ஒரு சின்னப் பாட்டில் இருக்குமே, அதே வாசம். அது இல்லாமல் நீ ஒரு செடியையும் தொட்டதில்லை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இன்று உன் கபுட்டோக் கள்ளியின் மேல் நான் கட்டிய நூலை அவிழ்க்க வேண்டும். தலை தண்டில் ஒட்டியிருந்தால் நிற்கும், இல்லையென்றால் கையோடு வந்துவிடும். பயமாகத்தான் இருக்கிறது.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது, "இதுக்குப் போயா இம்புட்டு அலப்பறை?" என்றேன். பெயர் சூப்பர் கபுட்டோ, கள்ளி வகை, ஆனால் ஒரு முள் கிடையாது. பாதியாக நறுக்கிக் கவிழ்த்த ஆரஞ்சு அளவு. எட்டுப் பட்டை, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வரிசையாகப் பஞ்சுப் பொட்டுகள். பச்சையே தெரியாத அளவுக்கு மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று நினைத்து விரலால் தேய்க்கப் போனேன். கையில் ஒரு தட்டு தட்டினாய். "அது தோலு மாப்ள, அழுக்கில்ல." விதையிலிருந்து ஏழு வருடம் வளர்த்த செடி. பூத்தால் மஞ்சள், உள்ளே தொண்டையில் மட்டும் சிவப்பு.

நான் நிலக்கோட்டையில் பூக் கமிஷன் கடைக்காரன். காலையில் வந்த மல்லிகை சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். ஏழு வருடம் வளர்ந்தும் உள்ளங்கைக்குள் அடங்குகிற செடியை எனக்குப் புரியவில்லை.

புரியாமல்தான் நீ புது வீடு குடிபுகுந்த அன்று கொடைரோட்டில் வாங்கிய செவப்புத்தலைக் கள்ளியைக் கொண்டுவந்தேன். பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை, அழகாகத்தான் இருந்தது. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஒட்டுச் செடி மாப்ள இது. தலை ஒருத்தனுது, உடம்பு ஒருத்தனுது. சொந்த வேர்ல நிக்காததெல்லாம் ஒரு செடியா?" வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதம் உன் செடிகளைப் பார்க்க மொட்டை மாடிக்கு வந்தபோது அது அங்கே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டாய் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ரோஷம்.

ஐப்பசியில் உன் காரியம் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்காரி செல்வி கபுட்டோவை மட்டும் கொண்டுவந்து கொடுத்தது. "அண்ணே, மாடியில இருந்த மத்ததையெல்லாம் நர்சரிக்காரருக்குக் குடுத்துட்டேன். இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றது.

மார்கழியில் செடி தட்டையாகி மண்ணோடு மண்ணாக அமுங்கிவிட்டது. மல்லிகைக்காரன் புத்தி எங்கே போகும்? வாடினால் தண்ணீர். மூன்று நாள் விட்டேன். "குளிர்ல அது உள்ள எறங்கும், நீ கண்டுக்காத" என்று நீ சொன்னது நாலாம் நாள்தான் ஞாபகம் வந்தது. தை பிறந்தபோது அடிப்பக்கம் தொட்டால் கொழகொழவென்றிருந்தது.

அழுகல் தீரும் வரை அடியிலிருந்து சீவிக்கொண்டே போனேன். பாதிச் செடிதான் மிஞ்சியது. மறுபடி வேர் விடும் வரை அது தாங்காது என்று தோன்றியது. ஆத்தூரில் நமக்கு மல்லிகை அனுப்புகிறவர் வேலியோரம் டிராகன் பழம் போட்டிருக்கிறார், அதுவும் கள்ளி வகைதான். அவரிடம் ஒரு தண்டு வாங்கி, சட்டியில் நட்டு, நுனியைச் சீவி, கபுட்டோவை அதன் மேல் இரண்டு வெட்டிலும் தெரியும் நடு வளையங்கள் தொடும்படி வைத்து, பூக் கட்டும் நூலால் சட்டியோடு சேர்த்துக் கட்டினேன். நீ எதை வேண்டாம் என்றாயோ அதையேதான் செய்தேன். என்னை மன்னித்துவிடு.

இதுவரை எழுதி வைத்துவிட்டு நூலில் கை வைக்கப் போகும்போது செல்வி வந்தது. கையில் ஒரு பை. நான் சட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்த்துவிட்டது.

"ஒட்டு போட்டீகளாண்ணே?"

"தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன் தாயி. அவனுக்கு ஒட்டுன்னா ஆகாது, தெரியும். வேற வழியில்ல."

செல்வி பையிலிருந்து ஒரு சட்டியை எடுத்து வைத்தது. பச்சைத் தண்டு, சிவப்பு உருண்டை.

"நீங்க குடுத்ததுதாண்ணே. அடுப்படி ஜன்னல்லயே வச்சிருந்தாரு. ரெண்டு தடவ அடித்தண்டு அழுகிப்போச்சு. ரெண்டு தடவயும் அவரே புதுத் தண்டுல ஒட்டு போட்டாரு. 'அவன்கிட்ட சொல்லிராத, கிண்டல் பண்ணி ஓட்டியே கொன்னுருவான்'னாரு."

கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்தேன். விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். தலை அசையவில்லை.

இரண்டு சட்டியும் இப்போது என் அடுப்படி ஜன்னலில் இருக்கின்றன. ஓட்டுவதற்கு நீ இல்லை மாப்ள. உன் செவப்புத்தலையின் தண்டு மறுபடி அழுகினால் மூன்றாவது ஒட்டை நான் போடுவேன்.