பச்சைக் கட்டையில் போட்ட காம்பு

திண்டிவனம்
பிப்ரவரி 26, வியாழன்

அன்பு மகன் அலெக்ஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். தோகாவில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று உன் பெயரைச் சொல்லித்தான் தினமும் ஜெபமாலையை முடிக்கிறோம். முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நீ சிரிப்பாய். உன் அம்மா போனை என்னிடம் தருவதே கடைசி ஒரு நிமிஷம், அப்போதும் என் தோள் பக்கத்திலேயே நிற்பாள், உன் ரூமிலோ ஆறு பேர். கோட்டக்குப்பம் ஜகபர் சாதிக் லீவு முடிந்து சனிக்கிழமை திரும்புகிறார், பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் தருகிறேன் என்றார். வறுத்த மல்லாட்டையும் கேப்பை மாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள், அதற்கு அடியில் இதை வைப்பேன். தனியாக இருக்கும்போது படி.

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முட்டி வலி அப்படியேதான். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. உனக்குப் பெண் பார்க்கிறேன் என்று மயிலம் வரைக்கும் ஒரு நடை போய்வந்தாள், பெண்ணுக்கு உன்னைவிடப் படிப்பு அதிகம் என்று அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, இப்போது அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடி. இன்னொன்று, இதைச் சும்மா சொல்லவில்லை. சாரத்து வேலையில் உன் சுத்தியல் தலை ஆடினால் அதைத் தண்ணீரில் போடாதே. நான்தான் சின்ன வயசில் உனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன், அதை மறந்துவிடு. காம்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் காய்ந்த கட்டையில் புதுசு போடு, இல்லை என்றால் அன்றைக்கு வேலை செய்யாதே. ஏன் என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன், எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

நீ தோகா போன மறு மாசம், போன பங்குனியில், நம் தெரு முருகையன் தன் பெண்டாட்டி பொன்னியைக் கோடாலியால் வெட்டினான், அவள் செத்தாள் என்றுதான் உனக்குத் தெரியும், ஊருக்கும் அதுதான் தெரியும். முருகையன் வெட்டவில்லை தம்பி. கோடாலித் தலை காம்பை விட்டுக் கழன்று பறந்துபோய் அவள்மேல் விழுந்தது. நான் பார்த்தேன். அந்தக் காம்பைப் போட்டவனும் நான்.

அதற்கு முந்தின கார்த்திகையில் புயல் அடித்தபோது நீ இங்கேதான் இருந்தாய். தோப்பு தோப்பாகச் சவுக்கு சாய்ந்து கிடந்தது, ரோட்டில் புளியமரம் கிடந்தது, பரணில் துருப்பிடித்துக் கிடந்த கோடாலியை எல்லாம் எடுத்துக்கொண்டு எல்லாரும் நம் கொட்டகைக்குத்தான் வந்தார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்தும் நான் கொஞ்சம் பொறுக்கி வந்தேன். தலையைச் சாணை பிடித்துவிட்டேன், ஆனால் காம்புக்குக் கட்டை? ஆறு மாசம் நிழலில் காயப் போட்டிருந்த கருவேலங்கட்டை முழுதும் வெள்ளத்தில் போய்விட்டது. எல்லாரும், மாமா ஜல்தியா போட்டுக் குடு மாமா, வேலை போயிக்கினு இருக்குது என்று நின்றார்கள். விழுந்து கிடந்த கருவேலத்தையே பச்சையாக அறுத்துச் செதுக்கிக் காம்பு போட்டேன். நாற்பத்தோரு கோடாலி. பச்சைக் கட்டை காயக் காயச் சுருங்கும், தலை ஆடும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகச் செய்கிறேன். ஆடினா தண்ணியில போடு, ஊறி இறுகிக்கும் என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லி அனுப்பினேன். எல்லாரும் சொல்வதுதான், என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். காலையில் இறுக்கமாக இருக்கும், மழைக்காலத்தில் அது போதும். பங்குனி வெயிலில் மத்தியானத்துக்குள் மறுபடி காய்ந்து முன்னைவிட மோசமாகத் தளரும். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பொன்னி செத்த அன்றைக்கு மயிலம் பக்கச் சவுக்குத் தோப்பில் வெட்டு வேலை. நான் வண்டியில் அரத்தையும் சாணைக்கல்லையும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். காலையிலேயே முருகையனுக்கும் பொன்னிக்கும் சண்டை. கரும்பு வெட்டுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் தன் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று அவள், இந்தத் தோப்பு முடியட்டும் என்று அவன். ஒரு பேச்சுக்கு அவன், இன்னொரு தரம் வாயத் தொறந்தா வெட்டிப் போட்டுடுவேன் என்றான். அதைச் சொல்லாத புருஷன் நம் தெருவில் யார் இருக்கிறான்? அவளும் முந்தானையை உதறிவிட்டு மிலாறுச் சுள்ளி பொறுக்கப் போய்விட்டாள். அப்புறம் முருகையன் என்னிடம் வந்து, மாமா தலை ஆடிக்கினு இருக்குது, ஒரு ஆப்பு வெச்சுக் குடு என்று கேட்டான். அன்றைக்கு ஆப்புக் கட்டை என் பையில் இருந்தது தம்பி. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். தண்ணியில போடுடா, சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம் என்றேன். சாணைக்கல் நனைக்கிற பக்கெட்டில் அரை மணி நேரம் போட்டு எடுத்துக்கொண்டு போனான். சாப்பாட்டு நேரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் ஓங்கினான், கையில் காம்பு மட்டும் நின்றது. பொன்னி அவனுக்குப் பின்னால் குனிந்து மிலாறு கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அடுத்த வரிசையில் இருந்தார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்து அவளை லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், முருகையன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனான். தோப்பில் நான் மட்டும். தலை ஒரு பக்கம் கிடந்தது, காம்பு ஒரு பக்கம் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை எடுத்துக் காம்பில் மாட்டி, அடிமரத்தில் இரண்டு குத்துக் குத்தி இறுக்கி, பக்கெட் தண்ணீரில் போட்டேன். ஆடுகிற கோடாலி கையில் கிடைத்தால் முப்பது வருஷமாக இந்தக் கை அதைத்தான் செய்கிறது. கைப்பழக்கமா, பயமா? பதினோரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கெட்டில் தண்ணீர் சிவந்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பொன்னி வழியிலேயே போய்விட்டாள். சாயங்காலம் போலீஸ் வந்தது. அதற்குள் கட்டை நன்றாக ஊறி, கோடாலி புதுசுபோல இருந்தது. தலை கழண்டுக்கிச்சு என்று முருகையன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். அவர்கள் என்னைக் கூப்பிட்டு, காம்பு உன் வேலைதானே, இது கழண்டதா, ஆட்டிப் பார்த்துச் சொல்லு என்றார்கள். ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாத்தான் இருக்குதுங்க ஐயா என்றேன். நீ பார்த்தாயா என்று கேட்டார்கள், பாக்கலீங்க என்றேன். எழுதிக்கொண்டார்கள். வெட்டிவிட்டுக் கோடாலியைக் கழுவியும் வைத்திருக்கிறான் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். காலையில் அவன் சொன்ன வார்த்தையை நாலு பேர் சொன்னார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுக்கவில்லை, குடைகிறது. வீடு வீடாகப் போய் அந்தக் கோடாலிகளைத் திரும்ப வாங்கினேன். முப்பத்தெட்டு வந்தது. கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் தலை தானாகக் கீழே விழுகிறது, ஒவ்வொன்றும் அப்படித்தான். காய்ந்த கட்டையில் காம்பு செதுக்கி, ஆப்பு அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஓசியில புதுக் காம்பு போட்டுத் தர்றாரு, சகாயராஜ் அண்ணன் மனசு யாருக்கு வரும் என்று பேசுகிறார்கள், கேட்கும்போது செத்துவிடலாம் போல இருக்கிறது. இரண்டு கோடாலி விக்கிரவாண்டி பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களோடு போய்விட்டது, இன்னும் தேடுகிறேன். மீதி ஒன்று கோர்ட்டில் இருக்கிறது. கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு தரம் வரிசையில் நின்றேன், என் முறை வந்ததும் விலகி வந்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தீபாவளிக்கு நீ பேசும்போது, சாட்சி சொன்னதை மாற்றினால் என்ன ஆகும் என்று ஜாடையாகக் கேட்டேன். உன்னத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க, பேசாம இருப்பா, நமக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு என்றாய். விஷயம் தெரியாமல் சொன்னாய், உன்மேல் வருத்தமில்லை. எனக்கும் அந்த வார்த்தை அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது.

போன மாசம் ஜெயிலுக்குப் போய் முருகையனைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பாதி ஆளாக இருக்கிறான், தாடி நரைத்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவனே, மாமா, தலை கழண்டுதுன்னுதான் நான் நெனச்சேன், ஆனா கோடாலி முழுசா இருந்துதே, என் கண்ணு முன்னால காட்டினாங்களே, அப்ப நான்தான் கோவத்துல அவ மேல வீசியிருக்கணும், எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல மாமா, காலையில சொன்ன வாய் பலிச்சிடுச்சு என்று அழுதான். தன் கை தன் பெண்டாட்டியைக் கொன்றது என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான் அலெக்ஸ். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்ஸில் வரும்போது ஒரு பொம்பளை, பெரியவரே உடம்பு சரியில்லையா என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

வருகிற பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு எதிரான சாட்சி. கோடாலி கெட்டியாக இருந்தது என்று நான் சொல்லிவிட்டால் அவன் ஆயுசு உள்ளேயே முடியும். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன். சொன்னால் நம்புவார்களா என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒன்று சொன்னான், இன்றைக்கு ஒன்று சொல்கிறான், வேண்டிய ஆள் என்று மாற்றுகிறான் என்பார்கள், அப்படிச் சொன்னால் தப்பும் இல்லை. அந்தக் கோடாலியை எடுத்து ஒரு தட்டுத் தட்டுங்க ஐயா என்று கேட்பேன். பதினோரு மாசம் காய்ந்த பச்சைக் கட்டை, தலை விழத்தான் வேண்டும். ஆனால் நான் அதைத் தண்ணீரில் ஊறப் போட்டேனே, உள்ளே துருப்பிடித்துக் கட்டையோடு ஒட்டிப்போயிருந்தால்? அப்படிச் சில கோடாலி ஒட்டும், எனக்குத் தெரியும். எப்போது கண்ணை மூடினாலும் யாரோ அதைத் தட்டுகிறார்கள், தலை விழமாட்டேன் என்கிறது.

அவர்கள் பெண் பிரபாவதி நம் வீட்டில்தான் இருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள், பொன்னியின் அம்மா கரும்பு வெட்டுக்குப் போய்விடுவதால் நம்மிடம் விட்டிருக்கிறாள். அப்பாவைப் பார்க்க ஜெயிலுக்கு வா என்றால் வரமாட்டாள். அந்த ஆளு பேர எடுக்காத தாத்தா என்கிறாள். போட்டோவில் அவன் இருந்த பக்கத்தை வெட்டிப் போட்டுவிட்டாள். கோர்ட்டில் சொல்வதைவிட இவளிடம் சொல்வதுதான் எனக்குப் பயம், பத்தாம் தேதிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது கொட்டகையில் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நேற்று ஒருத்தர் கொண்டுவந்து வைத்த பழைய கோடாலி, தலை ஆடுகிறது என்று எடுத்துப் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். உனக்கு யாரும்மா சொன்னது என்று கேட்டேன். நீதான் எல்லாருக்கும் சொல்லுவியே தாத்தா, ஊறினா இறுகிக்கும்னு என்றாள்.

இதை மடித்து வைத்துவிட்டு, முதலில் அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, அவளை உட்காரவைத்துச் சொல்லப் போகிறேன். அவள் அதற்கு மேல் இந்த வீட்டில் இருப்பாளோ, என் முகத்தைப் பார்ப்பாளோ தெரியாது. பார்க்காவிட்டாலும் நியாயம்தான்.

நீ நல்லவனாக இரு தம்பி, ஆண்டவரும் வேளாங்கண்ணி மாதாவும் உன் கை கால்களைக் காப்பாற்றட்டும், உன் கையால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கட்டும். பத்தாம் தேதி வரைக்கும் எனக்குப் போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் எனக்கு மறுபடி உயிர்மேல் ஆசை வந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் மறக்காமல் அம்மாவுக்குப் பேசு. நீ சொன்னதுபோல என்னைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டேன், அவள் தனியாக இருப்பாள்.

உன் அப்பா
சகாயராஜ்