அப்பா பார்த்துக் கொடுத்த கரிசல் மனை

என்னைப் பெற்ற மகராசனுக்கு, என் அப்பாவுக்கு,

வீடு கட்டிவிட்டோம் அப்பா! இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத ஓடாது. உனக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஏதாவது ஒரு டீக்கடையில் யாராவது சத்தம் போட்டுப் படிப்பார்கள். நீ வழக்கம்போல ஓரமாக நின்று கேட்டுக்கொள். நானும் ஐந்தாவதோடு நின்றவள்தானே! மளிகைக்கடைப் பொட்டலக் காகிதங்களைப் படித்துப் படித்தே எழுதப் பழகினேன். தப்பிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருஷத்தில் அது நான்காவது வீடு. ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, பாய், என் தையல் மெஷின். நீ எங்களைப் பார்க்க வந்த அன்று நான் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா செல்வராணி, இது வூடா, மில்லா? அந்த மெஷின நிப்பாட்டு. இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

நீ எழுந்து நின்று கும்பிட்டாய். "நிப்பாட்டிடுவாங்க தாயி." அவர் போனதும் என் பக்கம் திரும்பினாய். "நான் காலம்பூரா அடுத்தவங்க காட்டுல குனிஞ்சேன். நீ அடுத்தவங்க வூட்டுல குனியணுமா?"

அதற்குள் நாங்கள் இரண்டு வருஷமாகச் சீட்டுக் கட்டியிருந்தோம். உன் மருமகன் சிறுவாச்சூர் லாரிப் பட்டறையில் வெல்டிங் செய்த கூலியும் என் தையல் காசும்தான். அவருடைய அண்ணன், "அந்தப் பணத்தக் குடுத்து ஒரு வூட்ட ஒத்திக்குப் புடிங்க. வாடகை கெடையாது, காலி பண்ணும்போது பணம் முழுசா திரும்பி வந்துடும்" என்றார். நியாயமான பேச்சு. எங்களுக்கும் ஆசைதான். நீதான் பிடித்த பிடியில் நின்றாய்.

"ஒத்தின்னாலும் அது அவன் வூடுதான. மனை வாங்கு. கூரையப் போட்டாவது குந்திக்க."

அப்பா, என் வயசுப் பெண்களெல்லாம் சினிமாக்காரர்களுக்கு ரசிகைகள். நான் உனக்கு!

தரகர் இரண்டு மனை காட்டினார். முதல் மனை வெள்ளைச் சுக்கான் கல் கிடந்த மேடு. நீ ஒரு கல்லைக் காலால் எத்திவிட்டு, "எருக்கஞ்செடிகூட மொளைக்காது. இத எவன் வாங்குவான்?" என்றாய். அடுத்தது அரியலூர் ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி, கன்னங்கரேலென்று கிடந்த மனை. ஒரு கட்டியை எடுத்து உடைத்தாய், மோந்து பார்த்தாய். உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ஆவணியில பருத்தி வெதச்சா தையில வெடிச்சுச் சிரிக்கும். மண்ணுன்னா இதான் மண்ணு!"

விலை கூடுதல். என் கம்மலை விற்றோம். மனை என் பேரிலேயே பதிவாயிற்று. நாலு சென்ட் மனையை வைத்துக்கொண்டு நீ ஊர் முழுக்க, "எம்பொண்ணு கரிசக்காடு வாங்கிட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். நாம் வாங்கப் போனது வீடு கட்டும் இடம் என்று நம் மூன்று பேரில் ஒருத்தருக்காவது தோன்றியதா அப்பா? சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமலே பிழைத்த குடும்பம். நிலம் என்றால் விளைய வேண்டும், நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை.

சித்திரையில் கொத்தனாரை அழைத்துக்கொண்டு போனோம். மனை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. கொத்தனார் சிரித்துவிட்டார்.

"ஏம்ப்பா, வூடு கட்டப் போறீங்களா, பருத்தி போடப் போறீங்களா?"

"வூடுதாங்க" என்றார் உன் மருமகன்.

"யாரு பாத்த எடம்?"

"எங்கப்பாங்க" என்றேன் நான். "மண்ணு பாக்குறதுல அவர அடிச்சிக்க ஆளு கெடையாதுங்க."

"அதாம்மா பிசகு. மழை பேஞ்சா இந்த மண்ணு உப்பும், காஞ்சா வெடிக்கும். செவுரும் கூடவே வெடிக்கும். அடியில கெட்டியா சுக்கான் தட்டுற வரைக்கும் தோண்டி, கிராவல் கொட்டித்தான் எழுப்பணும். கிராவலுக்கே உங்க காசு காலியாயிடும்."

விஷயம் தெரிந்து தரகர் ஓடி வந்தார். அந்த வெள்ளை மேடு இன்னும் விற்கவில்லையாம். மாற்றிக்கொள்ளலாம், மிச்சப் பணமும் கைக்கு வரும் என்றார். எல்லாரும் சரி என்றார்கள். நான் இரண்டு நாள் தவணை கேட்டேன். மாற்றினால், அங்கமுத்து தன் மகளையே ஏமாற்றிவிட்டுப் போனான் என்று ஊர் உன்னைச் சொல்லும். மாற்றாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் அந்த ஒற்றை அறை? உன் மேல் கோபம்கூட வந்தது அப்பா. கம்மலை விற்று இதையா வாங்கிக் கொடுத்தாய் என்று அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

உன் மருமகன்தான் சொன்னார். "மாமா பாத்தது தப்பில்ல புள்ள. நல்ல மண்ணு நல்ல மண்ணுதான். அது வேணுங்கிறவன் எங்கியாவது இருப்பான்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், பக்கத்து ஊர் விவசாயி ஒருவரை அழைத்து வந்தார். அவருடையது செம்மண் காடு, கரிசல் மண் அடித்தால்தான் ஈரம் நிற்கும். காட்டு ஓரத்தில் கிராவல் மேடு சும்மா கிடக்கிறது. அந்தப் பெரியவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். உடைத்தார். மோந்து பார்த்தார். அப்படியே உன்னைப்போல!

"தோண்டுனா எத்தினி வண்டி தேறும்?"

"அம்பது வண்டி தேறுங்க."

"ஒரு வண்டி மண்ணுக்கு ஒரு வண்டி கிராவல். வண்டியும் மாடும் என்னுது. வெட்டுறது உங்க பாடு. சம்மதமா?"

சம்மதமா என்று கேட்கிறாரே! உன்னோடு களை வெட்டியவர்கள், கிணறு தோண்டியவர்கள் ஆறு பேர் நம் ஊரிலிருந்து மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். கூலி கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்கள். நாலாவது நாள் குழிக்குள் நின்றுகொண்டு சின்னத்தாயி அக்கா கத்தினாள். "வூடு கட்டுறேன்னு கூட்டியாந்து எங்களக் கெணறு வெட்ட வுட்டுட்டா பாரு, கெட்டிக்காரி!" குழி ஆள் உயரம் தாண்டியதும் கடப்பாரை சுக்கானில் 'ணங்'கென்று பட்டது. எல்லாரும் ஓவென்று கத்தினோம். வண்டி கறுப்பாகப் போய்ச் சிவப்பாகத் திரும்பி வந்தது. எல்லாம் நீ மோந்து பார்த்த மண்ணுக்கு வந்த விலை அப்பா.

ஆவணியில் பால் காய்ச்சினோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஓடு. ஐப்பசி மழை ஒன்பது நாள் விடாமல் அடித்தது. தினமும் விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தோம், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. மயிரிழை விரிசல் இல்லை. கொத்தனாரே குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "நிக்கும்மா" என்று சொல்லிப் போனார்.

போன வாரம் வீட்டு வரி போடுவதற்காகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். கிளார்க் என் பேரை எழுதிக்கொண்டு, "புருசன் பேரு?" என்றார். அவர் பேரை நான் எப்படி வாயால் சொல்வேன்? அவரைப் பார்த்தேன். அவர் தன் பேரைச் சொல்லவில்லை.

"சார், எடம் அவங்கப்பா பாத்தது. அவரு பேரப் போடுங்க."

"கல்யாணம் ஆனவங்களுக்குப் புருசன் பேருதாம்ப்பா எழுதுறது."

"எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது, போடுங்க சார்."

கிளார்க் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு பேரா இருந்தா எனக்கென்ன, வரி ஒழுங்கா வந்தாச் சரி" என்று எழுதிக் கொடுத்தார்.

செல்வராணி, தகப்பனார் அங்கமுத்து. மை காயும் வரை ரசீதை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அறுபது வருஷம் கூலிச் சிட்டையில் கைநாட்டாக மட்டும் இருந்தவன் நீ. இப்போது ஒரு வீட்டுக் காகிதத்தில் எழுத்தாக இருக்கிறாய்.

ஒரு வருஷம்கூட வரி பாக்கி வைக்க மாட்டேன் அப்பா. நான் இருக்கிற வரைக்கும், வருஷா வருஷம், அவர்கள் உன் பேரை எழுதித்தான் ஆக வேண்டும்.

அங்கமுத்து மகள்,
செல்வராணி