வெள்ளிக்கிழமைக்கு முன் ரவுட்டர்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கச்சான் காற்று. கூட்டக் கூட்ட மணல். இந்தக் கல்பிட்டியில் விளக்குமாறு எனக்கு முன்னால் மௌத்தாகிவிடும்.

கடைக்கு: ரவை, சீனி, கஜு, ஹனாவின் வெள்ளை உடுப்புக்குப் பட்டி. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளை குர்ஆனை ஓதி முடிக்கிறாள். கடைசி சூராவை வாப்பாவும் கேட்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இவருக்குத் தோஹாவில் லீவு இல்லை. வீடியோவில்தான். பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

இன்றும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே இவர் நின்றுபோனார். வாயைப் பிளந்தபடி. பின்னால் அறை விசிறியும் நின்றபடி. இப்போது எனக்கு அதுதான் அடையாளம்: விசிறி நின்றால் லைன் போயிற்று. "வாப்பா ஹேங்! வாப்பா ஹேங்!" என்று ஹனா சிரிக்கிறாள். வெள்ளிக்கிழமை இப்படி நின்றால் சிரிப்பாளா?

ரவுட்டர் ஓஃப், ஓன். கொஞ்ச நேரம் நல்லம். பிறகு அதே கூத்து.

13, புதன்

காற்று. பட்டி வாங்க மறந்துவிட்டேன்.

லைன்காரத் தம்பி பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தார். தலவில திருவிழாவாம், ரோடு முழுக்க பஸ். சிங்களப் பிள்ளை, தமிழ் கதைத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"அக்கா, எங்கட லைன் ஹொந்தய், நல்லம். லைட் எல்லாம் பச்சை. வீட்டு உள்ளுக்குத்தான் ஏதோ."

ரவுட்டரில் கொளுவியிருந்த மற்ற வயரைக் கழற்றிவிட்டு, தன் லப்டொப்பைக் கொளுவிக் காட்டினார். தண்ணீர் மாதிரி ஓடியது. வயரைத் திரும்பக் கொளுவி, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். அவர் படலை தாண்டியிருக்க மாட்டார், நெட் போயிற்று. என் வாயில் வந்ததை எழுத முடியாது.

அந்த மற்ற வயர் தங்கச்சி ரிஸ்னா வீட்டுக்குப் போகிறது. உம்மா ஒரே வளவில் இருவருக்கும் வீடு கட்டித் தந்தார். நடு மதிலில் ஒரு வாசல், கறி போய்வருவதற்கு. அதே வழியால் நெட்டும். அங்கே எங்கள் பழைய சிம் ரவுட்டர் பெட்டி இருக்கிறது. சிம் செத்துவிட்டது, வைஃபையைப் பரப்பும் வேலை மட்டும்தான்.

பின்னேரம் ரிஸ்னா வாசலில். முகம் சரியில்லை.

"ராத்தா, எங்கட வீட்டிலயும் நெட் இல்ல. நீங்க கட் பண்ணிட்டீங்களா?"

"விசரா உனக்கு? நான் ஏன் கட் பண்ண?"

"இல்ல, சும்மா கேட்டன்."

சும்மாவாம். இரவு மீன்கறி அனுப்பினேன். கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. அந்த வாசலால் வெறுங்கோப்பை வந்ததே இல்லை.

14, வியாழன்

இவருடைய வொய்ஸ். "போன்ல வைஃபை விவரத்தைத் தொறந்து பாரு. 'கேட்வே'ன்டு ஒரு நம்பர் ஈக்கும். நெட் நல்லா ஈக்கிற நேரம் ஒருக்கா பாரு, போன நேரம் ஒருக்கா பாரு."

பார்த்தேன். நல்ல நேரம் கடைசியில் 1.1. கெட்ட நேரம் 8.1. அனுப்பினேன்.

"அப்ப சரி. வீட்டில ரெண்டு பேர் வழி சொல்றாங்க. ஒருத்தருக்கு வழி தெரியும். மத்தவருக்குத் தெரியாது, ஆனா முந்திக்கொண்டு சொல்றார்."

"உங்கட பெரிய நானா மாதிரியா?" என்று கேட்டேன். தோஹாவிலிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தரம் பழுதாகலாம்.

8.1 யார்? பழைய பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கிறது என்றார். கோபத்தை விழுங்கிக்கொண்டு ரிஸ்னா வீட்டுக்குப் போனேன். அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதைத் தொட்டியா?"

"தொடல்ல. துடைச்சன்."

"எப்பிடித் துடைச்சாய்?"

"வெள்ளிக்கிழமை ஆக்கள் இங்கயும் வருவாங்கன்டுதான். எல்லாத்திலயும் மணல் பூந்து ஈந்திச்சு. பின்னால ஒரு சின்ன ஓட்டை ஈக்கிது, அதுக்குள்ளயும் விட்டுத் துப்புரவாக்கினன்."

எதை விட்டாய் என்று கேட்டேன். தலைச் சீலையிலிருந்து ஊசியைக் கழற்றிக் காட்டினாள். யா அல்லாஹ்.

அந்த ஓட்டையில் ஊசி அழுத்தினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். கடையில் வாங்கிய நாள் மாதிரி. ரிஸ்னா துடைத்த அன்றிலிருந்து தானே வீட்டுக்குத் தலைவர் என்று நினைத்து, இரண்டு வீட்டுப் போன்களுக்கும் செத்த சிம்மின் வழியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ரிஸ்னாவின் முகம் சுருங்கிப்போனது. "என்னாலயா? கழட்டிடுங்க ராத்தா. எனக்கு நெட் வேணாம். பிள்ளைட ஓதலை மச்சான் கேட்டாப் போதும்."

எருமை. அழத் தொடங்கிவிட்டாள். நானும்.

கழற்றவில்லை. இவர் போனில் சொல்லச் சொல்ல, பெட்டி நம்பர் கொடுப்பதை நிறுத்தும் இடத்தைத் தேடி ஓஃப் பண்ணினோம். பிறகு எல்லாப் போனிலும் வைஃபையை நிறுத்தித் திரும்பப் போட்டோம். எல்லாம் 1.1. "அவக்கு ஏசிடாத" என்றார் இவர். ஏசி முடித்திருந்தேன்.

இரவு ரவை வறுத்தேன். நாளைக்கும் நிற்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

15, வெள்ளி

காற்று அடங்கவில்லை. காலையில் கோப்பை வந்தது, வட்டிலப்பத்தோடு. என் கோப்பையே அல்ல, அதைவிடப் பெரியது.

பட்டி இல்லாத வெள்ளை உடுப்பு. யாரும் கவனிக்கவில்லை.

அஸருக்குப் பிறகு ஓதிக்கொடுத்த ஆலிமா வந்தார், அயலவர் வந்தார்கள். போனைக் கதிரையில் சாய்த்து வைத்தேன். இவர் சட்டை மாற்றி, தொப்பி போட்டு, அங்கே கட்டிலில். "வாப்பா, கேக்குதா?" "கேக்குது மகள். ஓதுங்க."

ஓதினாள். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. பிள்ளையும் சரி, லைனும் சரி. முடித்துவிட்டு நிமிர்ந்து போனைப் பார்த்தாள்.

இவர் அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி.

"வாப்பா ஹேங்" என்றாள் ஹனா. இந்தத் தரம் சிரிக்கவில்லை, உதடு துடித்தது.

"ராத்தா, நான் போய்க் கழட்டுறன்!" ரிஸ்னா செருப்பும் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

போனைக் கையில் எடுத்துக் கிட்டப் பிடித்தேன். அவருக்குப் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.