எட்டு கேக்குகளும் நாற்பத்து மூன்றாம் இடமும்

ஏப்ரல் 20, வியாழன்

கடையில் பாலுக்குப் பணம் கட்ட நின்றிருந்தேன். காசாளரின் இயந்திரம் பீப் என்றது. என் வலது கை இடுப்புக்குப் பாய்ந்தது, இடது கை நெஞ்சுக்கு வந்தது, முழங்கால்கள் தாமாகவே மடங்கின. பால் பெட்டி தரையில் விழுந்து வெடித்தது. பின்னால் நின்ற அம்மாள் சிறுநீரகத்தில் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு இந்தப் பருவத்தின் முதல் துப்பாக்கி சுடும் போட்டி, அங்கே பீப் ஒலித்தால் தொடங்க வேண்டும். உடம்பு தயார்தான் போலிருக்கிறது. தலையைத்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

தகுதிநீக்கம்.

ஏப்ரல் 24, திங்கள்

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே யோசித்ததில் கொஞ்சம் தெளிந்திருக்கிறேன்.

போட்டியின் ஆறு கட்டங்களில் மூன்றாவது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஓட வேண்டும், ஜன்னல்கள் வழியே பழுப்பு அட்டைகளைச் சுட வேண்டும், வெள்ளை அட்டைகளைத் தொடக்கூடாது. இதெல்லாம் எனக்கு வரும். ஓடும்போதும் துப்பாக்கியின் முனை, குண்டுகளைத் தாங்கும் எதிர் மணல்மேட்டையே பார்த்திருக்க வேண்டும். இதுதான் வராது. இடது பக்கம் ஓடத் திரும்பினேன். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் துப்பாக்கியும் பார்க்கிறது, விசுவாசமான நாய் மாதிரி. பின்னாலிருந்து ரௌனோவின் குரல் வந்தது: "நிறுத்து."

ரௌனோ எங்கள் சங்கத்தின் தலைவர், தலைமை நடுவர். ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தவர். எனக்குப் பதினெட்டு வயதில் அந்தத் தேர்வில் என்னை இரண்டு முறை தோற்கடித்தார். அப்போதும் இதே சொல், இதே சுருதி. அன்று பனியில் காரோடு சறுக்கி ஒரு பேருந்து நிறுத்தத்தின்மேல் ஏறி நின்றிருந்தேன்.

கணக்கு இது. இரண்டு பருவங்களில் ஐந்து போட்டிகள், ஐந்து தகுதிநீக்கங்கள். நேற்றோடு ஆறு. முடிவுப் பட்டியலில் எல்லோருக்கும் ஓர் எண் இருக்கும். எனக்குக் கடைசி வரிக்கும் கீழே, எண் இல்லாமல், ஒரு சின்னக் கோடு. சங்க விதிப்படி மூன்று பருவங்களுக்குள் ஒரு போட்டியையாவது முழுதாக முடிக்காதவர் மறுபடி அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும். நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி. ரௌனோ. நான்கு சனிக்கிழமைகள்.

இது மூன்றாவது பருவம். இன்னும் நான்கு போட்டிகள்.

ஏப்ரல் 27, வியாழன்

தகுதிநீக்கம் ஆனவர் அடுத்த வியாழன் பயிற்சிக்குத் தன் கையால் செய்த கேக் கொண்டுவர வேண்டும். இது எழுதப்படாத வழக்கம். அதனால்தான் எழுதப்பட்ட விதிகளைவிடக் கறாராகப் பின்பற்றப்படுகிறது.

ஏலக்காய் போட்டு, மேலே பாதாம் தூவி எடுத்துப் போனேன். லாரி மெக்கானிக் ஒஸ்ஸி நான்கு துண்டு சாப்பிட்டான். பிறகு விரலை நக்கிக்கொண்டே அடுத்த போட்டி என்றைக்கு என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தான்.

மே 7, ஞாயிறு

ஏன் இதைச் செய்கிறேன்? நாள் முழுதும் புத்தகங்களோடு இருக்கிறேன், வீட்டுக்கு வந்தும் படிக்கிறேன். என் தலைக்குள் யாராவது ஒருவர் எப்போதும் வாக்கியம் பேசிக்கொண்டே இருக்கிறார். எங்கள் சுடுகளமான மணல் குழியில் பீப் ஒலித்ததும் அவர் வாயை மூடுகிறார். இருபது வினாடி மௌனம். அதற்காக மாதம் ஒரு கேக் அதிகம் இல்லை.

அதற்கு முந்தைய ஐந்து நிமிடமும் எனக்குப் பிடிக்கும். கட்டத்தை நடந்து பார்க்க விடுவார்கள். பல் மருத்துவமனைச் செவிலி, மெக்கானிக், வரி அதிகாரி என்று வளர்ந்த மனிதர்கள் பத்துப் பேர் விரலைத் துப்பாக்கி போல நீட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, "இங்க ரெண்டு குண்டு, இங்க ரெண்டு, இங்க தோட்டா மேகசின் மாத்தணும்" என்று முனகியபடி ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் சிரிப்பதில்லை. வெளியாள் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்.

மே 21, ஞாயிறு

ஒரு குண்டுகூடச் சுடாமல் தகுதிநீக்கம் ஆனேன். சங்க வரலாற்றில் முதல் முறையாம்.

போட்டி தொடங்குமுன் துப்பாக்கியை எடுத்து இடுப்பு உறையில் வைத்துக்கொள்ள ஒரு தனி மேசை உண்டு. அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவை மட்டும் தொடவே கூடாது. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், விதிப்புத்தகத்தை ஏழு முறை படித்திருக்கிறேன். ஆனால் மே மாதம், பிர்ச் மரங்கள் பூத்து மகரந்தம் பறக்கிறது. தும்மல் வந்தது. கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன். கூடவே வியாழக்கிழமைப் பயிற்சியில் மிஞ்சிய தோட்டா ஒன்று வெளியே வந்து, மேசையில் நிதானமாக உருண்டு, ரௌனோவின் காபிக் குவளையில் முட்டி நின்றது.

"ஹில்லா, இது என்ன?"

"தும்மல்" என்றேன்.

மே 25, வியாழன்

மெர்வி இன்றுதான் உண்மையைச் சொன்னாள். அவள் பல் மருத்துவமனைச் செவிலி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், மணல் குழியில் என் ஒரே கூட்டாளி.

"உனக்கு நிஜமாவே தெரியாதாடி? போட்டி அன்னிக்குக் காலையில ஒஸ்ஸி உனக்காகப் பிரார்த்தனை பண்றான். நீ ஜெயிக்கணும்னு இல்ல."

எனக்குப் புரியவில்லை. மெர்வி கண்ணாலேயே காட்டினாள். ஒஸ்ஸி வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு முள்கரண்டி கொண்டுவந்திருந்தான், துணியில் சுற்றி.

ஆக, ஐம்பது பேர் உள்ள சங்கத்தில் நான் தோற்க வேண்டும் என்று நாற்பத்தெட்டுப் பேர் ஆசைப்படுகிறார்கள். இதை நான் சந்தேகித்திருக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகவாவது தெரிந்திருந்தால் புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட இன்றைய கேக்கில் இவ்வளவு வெண்ணெய் போட்டிருக்க மாட்டேன்.

ஜூன் 3, சனி

மூன்று நாள் யோசித்த திட்டம்: அடுத்த முறை கேக்கைக் கெடுத்துவிடுவது. கேக் மோசமானால் என் தோல்வியில் யாருக்கும் லாபமில்லை, பிறகு ஊரே என்னைக் காப்பாற்ற நிற்கும்.

எழுதியபின்தான் தெரிகிறது. இந்தத் திட்டம் பலிக்க முதலில் நான் தோற்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

சரி. ஐந்து கட்டங்களை முடித்தேன். ஐந்து. ஆறாவதன் கடைசி ஜன்னல், கடைசி அட்டை. அதையும் சுட்டேன், பட்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு மேலே பறந்து, வளைந்து, என் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சூடு. ஆடினேன். கையில் துப்பாக்கி இருந்தது. அதுவும் ஆடியது. முதலில் வானம், பிறகு பைன் மரங்கள், பிறகு ரௌனோவின் திசையில் கொஞ்சம்.

"நிறுத்து."

சட்டையைப் பிடித்து உதறிக்கொண்டே அழுதேன். வலியால் இல்லை. ஒரே ஒரு நொடி, அய்யோ, ஒரே ஒரு நொடி பல்லைக் கடிச்சிட்டு நின்னிருக்கக் கூடாதா? என்ன பொண்ணு நான்?

மெர்வி தண்ணீர் கொடுத்து, என் ஆட்டம் நளினமாகவே இருந்தது என்றாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

திட்டத்தை நிறைவேற்றினேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு, இரண்டு கரண்டி. ஒஸ்ஸி முதல் வாயை மென்றான், நிறுத்தினான், மணல் குழிக்கு அப்பால் தெரியும் ஏரியைப் பார்த்தான், மறுபடி மென்றான்.

"இது வெளிநாட்டு வகையா ஹில்லா?"

ஆமாம் என்றேன். செய்முறை எழுதித் தரச் சொன்னான். மனைவியின் பிறந்தநாள் வருகிறதாம்.

எட்டு கேக்குகள். இரண்டு போட்டிகள் மிச்சம்.

செப்டம்பர் 9, சனி

மெர்வி என் கால்சட்டைப் பைகள் நான்கையும் தைத்து மூடிவிட்டாள், பல் மருத்துவமனை நூலால். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, மேலே கம்பளித் துண்டு. தும்மல் மாத்திரை. ஓடக்கூடாது, நடக்க வேண்டும். வேகம் எனக்கு வேண்டாம், எண் வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் மேசையருகே ரௌனோ வந்து நின்றார். உடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வியாழக்கிழமை என்ன செய்யறதா இருக்கே? ஆப்பிளா?"

நீங்களுமா ரௌனோ. அந்தக் கோபம்தான் என்னை ஆறு கட்டமும் தூக்கிக்கொண்டு போனது என்று நினைக்கிறேன்.

நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, துப்பாக்கி முனையை மணல்மேட்டுக்கு நேராக வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தேன். மற்றவர்கள் இருபது வினாடியில் முடித்ததை நான் ஒரு நிமிடம் பத்து வினாடியில் முடித்தேன். நான்காவது கட்டத்தில் யாரோ நாற்காலி விரித்து உட்கார்ந்தார்கள். ஆறாவதில் கடைசி அட்டையைச் சுட்டுவிட்டு அசையாமல் நின்றேன். கூடு எங்கோ புல்லில் விழுந்தது.

ரௌனோ துப்பாக்கியைக் காலி செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். உறையில் போடச் சொன்னார். போட்டேன். பிறகு மனமில்லாத குரலில், களம் பாதுகாப்பாக இருக்கிறது, நான் முடித்துவிட்டேன் என்று அறிவித்தார்.

யாரும் கைதட்டவில்லை. மெர்வி மட்டும் இரண்டு தட்டு தட்டினாள். ஒஸ்ஸி முள்கரண்டித் துணியைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான்.

நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்து மூன்றாவது இடம். எண். கோடு இல்லை. பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டேன், இரண்டு கோணங்களில்.

செப்டம்பர் 14, வியாழன்

பயிற்சிக்குப் பிறகு காபியோடு கடையில் வாங்கிய பிஸ்கட். எல்லோரும் அதை விசாரணைக்கு வந்த சாட்சியைப் போலப் பார்த்தார்கள். ரௌனோ ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டார்.

அப்போது ஒஸ்ஸி எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. தகுதிநீக்கம் ஆனவர்கள் ஏற்கனவே நொந்துபோயிருக்கிறார்கள், அவர்களைக் கேக் செய்யச் சொல்வது மனிதாபிமானம் இல்லை என்றான். இனிமேல் கடைசி இடம் வருபவர் செய்யட்டும். அதுதான் நியாயம்.

வாக்கெடுப்பு. ஆதரவு பதினாறு, எதிர்ப்பு ஒன்று. மெர்வியும் ஆதரவாகக் கை தூக்கினாள். காரில் வரும்போது கேட்டேன், ஏன்?

"நட்பு வேற, ஏலக்காய் வேற."

ரௌனோ அதை விதிப்பலகையில் தன் கையால் எழுதி, யாருக்கும் விலக்கு இல்லை என்று அடிக்கோடிட்டார். அடிக்கோடு போடும்போது என்னைத்தான் பார்த்தார்.

அடிப்படைப் பயிற்சியிலிருந்து தப்பித்துவிட்டேன். கடைசிப் போட்டிக்கு நான் போகாமலே இருக்கலாம். போகாமல் இருந்தால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா? போனால் நான்தான் கடைசி, அப்போதும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். இதை எந்தப் புத்தகமும் தீர்த்துத் தராது.

அக்டோபர் 1, ஞாயிறு

போனேன். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, பைகளின் நூலைப் பிரித்துவிட்டு. இனி இழக்க என்ன இருக்கிறது.

பருவத்தின் கடைசிப் போட்டியில் நடுவர்களும் சுடுவார்கள், மற்றவர்கள் நடுவராக இருப்பார்கள். ரௌனோ எங்கள் குழுவில். ஆனால் அவரால் நடுவர் வேலையை விட முடியவில்லை. ஒருவர் சுடும்போது மற்றவர்கள் ஓட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டுவோம், பிறகு மேகசின்களில் தோட்டா நிரப்பிக்கொள்வோம். ரௌனோ நிரப்பவில்லை. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று, எங்கள் கைகளைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். மெர்வி விரலை எங்கே வைக்கிறாள், ஒஸ்ஸி எங்கே திரும்புகிறான், நான் எப்போது தும்முவேன்.

நான்காவது கட்டத்தில் அவர் முறை. பீப். அழகாக ஓடினார், முதல் ஜன்னலில் மேகசினை மாற்றினார். க்ளிக். இன்னொன்று. க்ளிக். இடுப்பில் இருந்த நான்கும் காலி. போன கட்டத்தில் காலியானவை. நிரப்பு என்று சொல்ல அன்று அவர் முதுகுக்குப் பின்னால் யாருமில்லை.

கோபத்தில் ஐந்தாவது கட்டத்தில் ஒரு ஜன்னலையே மறந்து கடந்து போனார். அதன் பின்னால் நான்கு அட்டைகள், ஓட்டை இல்லாமல், புத்தம் புதிதாக நின்றன.

நாற்பத்தொன்றில் நான் நாற்பதாவது. கடைசி, ரௌனோ.

பட்டியல் ஒட்டப்பட்டபோது ஒஸ்ஸி நீண்ட நேரம் அதன் முன் நின்றான். அவன் முகம் தந்தி வந்த வீடு மாதிரி இருந்தது.

அக்டோபர் 4, புதன்

வேலை நேரத்தில் ரௌனோ போன் செய்தார். புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் போய்ப் பேசினேன்.

"மாவு இறுகலா இருக்கணுமா, இளகலா இருக்கணுமா? சுருக்கமாச் சொல்லு."

இளகலாக என்றேன். எவ்வளவு இளகலாக என்றார். கரண்டியிலிருந்து மெதுவாக விழ வேண்டும் என்றேன். விழ எத்தனை வினாடி ஆக வேண்டும் என்றார். நேரம் பார்க்கும் கருவி கையில் இருந்தது போலிருக்கிறது. மூன்று என்று சும்மா சொன்னேன். குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 5, வியாழன்

ரௌனோவின் கேக் நடுவில் பள்ளம், ஓரத்தில் கரி. ஒஸ்ஸி ஒரு துண்டோடு நிறுத்தி, காபி போதும் என்றான். ரௌனோ மேசைக்குப் பின்னால் நேராக நின்று, ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கையும் மறுபடி நீளவில்லை.

நன்றாக இல்லை, உண்மையாகவே. இன்னொரு துண்டு கேட்டேன்.

அவர் கத்தியை எடுத்தார். பெரிய துண்டாக வெட்டினார்.