மறு கை என்னாச்சு என்று கேட்டவருக்கு

அக்கா,

பல நாள் மூட்டத்துக்குப் பிறகு இன்றுதான் கொடைக்கானலில் வெயில் எட்டிப் பார்த்தது. ஈரம் ஏறியிருந்த கம்பளிகளை எடுத்து மதில்மேல் விரித்தேன். சூடு பட்டதும் அவற்றிலிருந்து கிளம்பிய வாடையில் நம் தையல் அறை அப்படியே கண்முன் வந்து நின்றது. நீங்கள் கண்மூடிய பிறகு வந்திருக்கும் முதல் குளிர்காலம் இது. நேரில் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. மிஷன் பள்ளி விடுதியில் பிள்ளைகளின் கிழிந்த சட்டைகளையும் கம்பளிகளையும் தைப்பது என் வேலை. என் கணவருக்கு அதே விடுதியின் சமையற்கட்டில் வேலை. எங்கள் மகன் அருள், ஒரு வயது தாண்டிய கையோடு காய்ச்சலில் போய்விட்டான். அதன்பின் நாங்கள் இருவருமே அவன் பெயரைச் சொன்னதில்லை. விறகு, அரிசி, ஊரிலிருந்து வந்த சேதி என்று எதையாவது பேசுவோம். அவனைப் பற்றிய வரிகள் மட்டும் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தன. மெஷின் ஓடும் சத்தத்துக்குள் அவற்றை முணுமுணுப்பேன். யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

அந்த அறைக்குத்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, பக்கத்து ஊரான மன்னவனூரில் கொஞ்ச காலம் உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு வந்திருந்தீர்கள். உங்களுக்குக் குடியுரிமை இந்தியா என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் தங்கைக்கு இலங்கை. அம்மா தங்கையோடு அங்கேயே இருந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முதலில் நீங்கள் எனக்கு, என்னைவிட வேகமாக மெஷின் மிதிக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

ஒரு நாள் நூல் அறுந்து உங்கள் மெஷின் நின்றது. துணியைத் திருப்புவதற்காக நானும் அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். வாய் நிற்கவில்லை.

"ஒரு கைதான் பின்னியிருந்தேன்..."

அறைக்குள் என் குரல் மட்டும் கேட்டது. எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. நீங்கள் சிரிக்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்தபடியே, "மறு கை என்னாச்சு புள்ள?" என்று கேட்டீர்கள்.

அருளுக்காகப் பின்னிய ஸ்வெட்டரைப் பற்றிச் சொன்னேன். ஒரு கை முடிந்து, மறு கை தொடங்குவதற்குள் அவன் போனதைச் சொன்னேன். நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல இருந்து முழுசாச் சொல்லு" என்றீர்கள்.

"இது சும்மா பொலம்பல்க்கா."

"பொலம்பலோ என்னமோ, எனக்கு நெஞ்சு வலிக்குது. சொல்லு."

அதன்பின் மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் நம் கவிதை நேரம். நான் வாசிப்பேன். உங்களுக்கு எழுதக் கை வராது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த இந்த மூட்டம் உங்கள் வாயில் வேறாகிவிடும். "இதப் பாத்தா எங்க லயத்து வீட்டு வாசல்னு நெனச்சு காலு தானா நடக்குது" என்பீர்கள், தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளை நினைத்துக்கொண்டு.

பிறகு உங்கள் அம்மா இறந்துவிட்டதாகத் தங்கையின் கடிதம் வந்தது. அடக்கம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அன்று முழுக்கத் தைத்தீர்கள். பொழுது சாயும்போது உங்கள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். "எழுது புள்ள" என்றீர்கள்.

"அம்மா, நீ கூப்பிட்டா
மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்.
கடலுக்கு இந்தப் பக்கம்
கேக்கலையே அம்மா."

அதைத் தங்கைக்கு அனுப்பினோம். லயத்துப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து வாசித்ததாகவும், அக்காவே வந்து கூட உட்கார்ந்து அழுத மாதிரி இருந்ததாகவும் அவள் எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் நீங்கள் வாய்விட்டு அழுதீர்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினீர்கள். "கடல் தாண்டி என் தங்கச்சிக்குக் கேட்டுருச்சு. ஒரே வீட்டுல இருக்கிற மனுசனுக்கு நீ வாசிச்சியா?"

"அவருக்கு இதெல்லாம் பிடிக்காதுக்கா."

"வாசிச்சுப் பாத்தியா?"

இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அவர் கேரட் நறுக்க உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றபடியே வாசித்தேன். அருள் என்ற பெயர் வந்ததும் அவர் கத்தியைக் கீழே வைத்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். தலையை நிமிர்த்தாமலே, "இன்னொருக்கா வாசி" என்றார்.

வாசித்தேன். முடித்ததும் சொன்னார்.

"அவன் நடந்தான். ஒனக்குத் தெரியாது. அடுப்படியில செவுத்தப் பிடிச்சு எந்திரிச்சு, எட்டு வச்சு எங்கிட்ட வந்தான். நீ தையல்ல இருந்த. நீயே பாத்துச் சந்தோசப்படணும்னு சொல்லாம இருந்தேன். மறுநாளே காய்ச்சல் வந்துருச்சு."

அன்று கேரட் நறுக்கி முடியவில்லை. எந்தச் சுவர், எந்தச் சட்டை போட்டிருந்தான், சிரித்தானா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இருந்தவரை நான் எழுதிய எதையும் முதலில் அவருக்குத்தான் வாசித்தேன்.

அக்கா, என் பிள்ளை நடந்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இத்தனை வருடமாக அவன் என் நினைவில் நடந்துதான் வருகிறான், சுவரைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டு. உங்களால் எனக்குக் கிடைத்தது அது.