மருத்துவச்சி கேட்ட கேள்வி

அக்டோபர் 8, 2019
மழை. சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு ஏற்றிப் போகும் வண்டிகள் தெருவைச் சேறாக்கிவிட்டன. முதியோர் வாசிப்பு வகுப்பில் இன்று ஒரு முழுப் பக்கத்தை நிற்காமல் படித்தேன். எழுபத்தாறு வயதில்! வீட்டுக்கு வந்து சோப்புப் பெட்டி, மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டு 'நாய் ஜாக்கிரதை' பலகை எல்லாவற்றையும் படித்தேன்.

அக்டோபர் 15
ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் ஃபென்னா எங்கள் தேவாலயத்தின் பழைய பதிவுகளை இன்றைய எழுத்தில் தட்டச்சு செய்து தந்தாள். எங்கள் வம்சத்தின் முதல் பெயர் ஹில்யே. பால் கறக்கும் வேலைக்காரி. 1719இல் ஞானஸ்நானம், 1741இல் அடக்கம். அவ்வளவுதான் ஆயுசு.
"பாத்துப் படிங்க ஹார்கோ. நடுவுல ஒண்ணு இருக்கு, நல்லா இருக்காது" என்று என்னை எச்சரித்தாள்.

அக்டோபர் 16
படித்தேன். படிக்கத் தெரியாதவனாகவே இருந்திருக்கலாம்.
மணமாகாத ஹில்யேவுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் — பிள்ளையின் அப்பன் பெயரைச் சொன்னால்தான் தொடுவாளாம். அப்போது அதுதான் வழக்கம். சாட்சிக்குத் தேவாலய மூப்பர்கள் இருவர் கட்டிலருகே. அவள் கத்த, இவர்கள் பேனாவோடு காத்திருக்க... விடியும்வரை கேட்டார்கள். 'சொல்லவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பிழைத்தது. அதன் வழிதான் நாங்கள். அவள் மூன்றாம் நாள் போய்விட்டாள். அடக்கத்துக்குத் தேவாலய மணிகூட அடிக்கவில்லை.
த்தூ. மனுசங்களா இவங்க?

அக்டோபர் 17
அதே பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

நவம்பர் 5
ஆண்டுதோறும் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் வாசிப்பார்கள். பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி. இம்முறை என்னை வாசிக்கச் சொன்னார் போதகர். என்னை! ஹில்யேவையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். மூப்பர் பூலென்ஸ் சிரித்தார்.
"ஏம்பா, எழுத்து தெரிஞ்ச உடனே ஊர் அழுக்கையெல்லாம் கிளறணுமா? இந்த வருஷம் செத்தவங்க மட்டுந்தான்."
"எனக்கு அவ இந்த வருஷந்தான் செத்தா, மூப்பரே."
போதகர் ஹில்யேவைச் சேர்க்காமலே பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

நவம்பர் 12
அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு வாசிக்கவே போகப்போவதில்லை என்று மகள் ரென்ஸ்கேயிடம் சொன்னேன். "நீங்க போகலன்னா பூலென்ஸ் வாசிப்பாரு. அதுக்குச் சம்மதமாப்பா?"
இல்லை.

நவம்பர் 24
கடைசிப் பெயருக்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. ஹில்யே என்றேன். எழுத்து எங்கும் தடுக்கவில்லை. மேசையில் அவளுக்கு மெழுகுவர்த்தி இல்லை. ரென்ஸ்கே எழுந்து வந்து, கோட்டுப் பையிலிருந்து எங்கள் சமையலறை மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றினாள்.
பிறகு காபி. பலர் கை கொடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பூலென்ஸும் வந்தார், பிஸ்கட்டை மென்றுகொண்டே.
"நல்லா வாசிச்சப்பா. ஆமா... அந்த அப்பன் யாருன்னு கடைசியில தெரிஞ்சுதா?"
சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். போதகர்கூட.
காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.